ஆபத்துள்ள நாட்டுக்குச் சேவை செய்யப் போகலாமா?



 



மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு மஃக்ரிபுக்குப் பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகன் நர்ஸிங் படித்து ஐந்து வருடமாக மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். பங்களாதேஷில் காக்ஸ் பஜார் அருகே ரோஹிங்யா அகதிகள் தங்கியிருக்கும் முகாமில் ஆறு மாதம் தன்னார்வலராகப் பணி செய்ய அவருக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான்.

அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னார்: "ஹஜ்ரத், நீங்க சொன்னா அவன் கேப்பான். அங்கே தீப்பிடிக்குது, நோய் பரவுது, சுடுறாங்கன்னு எல்லாம் சொல்றாங்க. எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

நான் யோசிக்கவே இல்லை. சூரா பகராவின் 195 ஆவது வசனத்தை ஓதினேன். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று அல்லாஹ் சொல்லியிருக்கிறான், உம்மாவின் மனதை நோகடிக்க வேண்டாம் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க ஹஜ்ரத்" என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவர்கள் போன பிறகு என் மனைவி ஒரு கேள்வி கேட்டார். "உங்க சாச்சா குவைத்துக்குத் திரும்பிப் போனப்போ இந்த ஆயத்தை யாராவது ஓதினாங்களா?"

அந்தக் கேள்வி அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை. நான் சொன்ன பதில் அவசரப்பட்டுச் சொன்ன பதில் என்பதை இந்த மிம்பரில் நின்று ஒப்புக்கொள்கிறேன். தவறாக ஒரு மஸ்அலா சொல்லிவிட்டால் அதைத் திருத்துவதும் இமாமின் கடமைதானே! எனவே இன்றைய பேச்சு அந்தத் தாய்க்கும் மகனுக்கும் நான் தர வேண்டிய பதில். நாளை உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழலாம்.

சம்பளத்துக்குப் போனால் தவக்குல், சேவைக்குப் போனால் அழிவா?

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. அப்போது அங்கே வேலை பார்த்த நம் நாட்டவர்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். என் சாச்சாவும் அவர்களில் ஒருவர். பாலைவனத்தில் நாள் கணக்கில் பயணம் செய்து, உடுத்திய துணியோடு வீடு வந்து சேர்ந்தார். போர் முடிந்தது. ஒரு வருடம் கழித்து விசா வந்ததும் திரும்பிப் போனார். குடும்பமே பயணம் சொல்லி, துஆ செய்து அனுப்பி வைத்தது. "ரிஸ்க் அங்கே எழுதியிருந்தால் போய்த்தானே ஆகணும், அல்லாஹ் பாத்துக்குவான்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஹலாலான சம்பாத்தியத்துக்காகச் சிரமப்படுவது இபாதத். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் கட்டடத்தின் பத்தாவது மாடியில் சாரத்தில் நிற்க மகனை அனுப்புகிறோம். நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்ய அனுப்புகிறோம். அப்போதெல்லாம் தவக்குல் பேசுகிறோம். அதே மகன் ஆறு மாதம் ஏழை அகதிகளுக்கு ஊசி போடப் போகிறேன் என்றால், உடனே நமக்கு அழிவைப் பற்றிய ஆயத் நினைவுக்கு வருகிறது.

ஆபத்து இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஒன்றில் மாதக் கடைசியில் பணம் வருகிறது, மற்றதில் வரவில்லை. நாம் பயந்தது ஆபத்துக்கா, வரவு இல்லாத ஆபத்துக்கா? இந்தக் கேள்வியை முதலில் நான் என்னிடமே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வசனம் யாரைப் பற்றி இறங்கியது?

மறுநாள் தஃப்ஸீர் கிதாபுகளைத் திறந்தேன். மதரஸாவில் ஓதிய பாடம்தான். ஆனால் ஓதிய பாடம் தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மதீனாவுக்கு வந்த நபி (ஸல்) அவர்களைத் தம் வீட்டில் தங்க வைக்கும் பாக்கியம் பெற்ற ஸஹாபி அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள். அவர்கள் முதுமையில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் முற்றுகைக்குப் போனார்கள். அங்கே ஒருவர் தனியாக எதிரிகளின் வரிசைக்குள் பாய்ந்தபோது, தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்கிறாரே என்று மக்கள் சத்தம் போட்டார்கள். அவர்கள் நினைத்தது இந்த வசனத்தைத்தான். உடனே அபூ அய்யூப் (ரலி) அவர்கள் அதைத் திருத்தினார்கள்.

அவர்கள் சொன்ன விளக்கத்தின் சாரம் இது. இந்த வசனம் அன்ஸாரிகளாகிய எங்களைப் பற்றி இறங்கியது. இஸ்லாம் வலுப்பெற்று, உதவியாளர்கள் பெருகிய பிறகு, நாங்கள் எங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டோம். நம் தோட்டந்துரவெல்லாம் கவனிப்பில்லாமல் கிடக்கிறதே, இனிமேல் ஊரிலேயே தங்கி அவற்றைச் சரிசெய்வோம் என்று நினைத்தோம். அப்போதுதான் அல்லாஹ் இதை இறக்கினான். அழிவு என்பது புறப்பட்டுப் போவதில் இல்லை. சொத்தைச் சீர்படுத்திக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதில்தான் இருந்தது.

திர்மிதியிலும் அபூதாவூதிலும் இந்தச் செய்தி இருக்கிறது. அல்லாஹ்வின் பாதையில் செலவு செய்வது பற்றி இவ்வசனம் இறங்கியதாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் சொன்ன கருத்து புகாரியிலும் இருக்கிறது. வசனத்தின் முன்பகுதியைப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதையில் செலவிடும்படி கட்டளை. பின்பகுதியைப் பாருங்கள். நன்மை செய்வோரை அல்லாஹ் நேசிக்கிறான் என்ற நற்செய்தி. கொடு என்றும் நன்மை செய் என்றும் சொல்லும் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் உருவி எடுத்து, நன்மை செய்யக் கிளம்பிய பிள்ளையைத் தடுக்க நான் பயன்படுத்தினேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வரலாறு போர்க்களத்தில் நடந்தது. நம்முடைய இன்றைய பேச்சு ஆயுதம் ஏந்துவது பற்றியதே அல்ல. எந்த நாட்டிலும் எந்த ஆயுதக் கூட்டத்தோடும் போய்ச் சேர்வதற்கு இதில் கடுகளவும் ஆதாரம் இல்லை. நாம் பேசுவது, இரு நாட்டு அரசுகளின் அனுமதியோடும் விசாவோடும் மருந்துப் பெட்டியோடு போகிறவரைப் பற்றி.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாமா?

அதுவும் கூடாது. அந்த வசனத்தின் வார்த்தை பொதுவானது. வீணாக உயிரைப் பணயம் வைப்பதை அது தடுக்கவே செய்கிறது என்பதும் உலமாக்களின் விளக்கம்தான். நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைப் பாருங்கள். பாதுகாப்பதாக அல்லாஹ் இருக்கிறான். ஆனாலும் அவர்கள் எத்தனை ஏற்பாடு செய்தார்கள்! மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள தவ்ர் குகைக்குப் போனார்கள். மூன்று இரவு அங்கே தங்கினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவில் செய்தி கொண்டு வந்தார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை ஓட்டி வந்தார். பாதை தெரிந்த வழிகாட்டியாக ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் முஸ்லிம்கூட இல்லை. தொழில் தெரிந்தவர், நம்பிக்கையானவர், அவ்வளவுதான் பார்த்தார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு ஹதீஸ் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தடுப்புச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் ஒருவர் படுத்துத் தூங்கினால், அவரைப் பற்றிய பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் வருகிறது. மாடியில் தூங்குவது தவறு இல்லை. சுவர் இருக்கிறதா என்று பார்க்காமல் தூங்குவது தவறு.

காக்ஸ் பஜார் மாடியில் சுவர் இருக்கிறதா? உள்ளதை உள்ளபடி பார்ப்போம். 2017 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து தப்பி வந்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். ஏற்கெனவே இருந்தவர்களையும் பிறகு வந்தவர்களையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். காட்டை வெட்டிய மண் மேடுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகள். மழைக்காலத்தில் மண் சரிகிறது. 2021 மார்ச் 22 அன்று பற்றிய தீயில் சுமார் 45 ஆயிரம் பேர் ஒரே நாளில் குடிசை இழந்தார்கள். 2017 இறுதியில் தொண்டை அடைப்பான் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயுதக் கும்பல்களின் மோதலும் அங்கே நடப்பதுதான். ஆக, அந்தத் தாயின் பயம் கற்பனை இல்லை.

உலகம் முழுவதையும் பார்த்தால், 2024 ஆம் ஆண்டில் மட்டும் 380-க்கும் மேற்பட்ட நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை தெரிவித்தது. அவர்களில் பாதிக்கு அருகில் கஸ்ஸாவில். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு ஒரு பிள்ளையைப் போகச் சொல்வது அமானிதம் ஆகாது. ஆனால் அந்தக் கணக்கிலேயே இன்னொரு உண்மையும் இருக்கிறது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெளிநாட்டிலிருந்து போனவர்கள் இல்லை. அந்தந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். நமக்குப் போகலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து மஷூரா செய்ய அவகாசம் இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் திரும்பினார்கள், அபூ உபைதா (ரலி) அவர்கள் தங்கினார்கள்

ஒரு கேள்வி வரும். கொள்ளை நோய் இருக்கும் ஊருக்குள் போகாதீர்கள் என்றுதானே ஹதீஸ் இருக்கிறது? ஆம், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அது வெளிப்பட்ட நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷாம் நோக்கிப் போன உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கூப்பிட்டு மஷூரா செய்தார்கள், கருத்து வேறுபாடு. அன்ஸாரிகளைக் கூப்பிட்டார்கள், அங்கேயும் வேறுபாடு. குறைஷி முதியவர்கள் திரும்பிவிடலாம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். உமர் (ரலி) திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து அந்த ஹதீஸைச் சொன்னார்கள்.

உமர் (ரலி) அவர்கள் கோழையா? நஊது பில்லாஹ்! தம்மோடு வந்த ஒரு பெருங்கூட்டத்தின் உயிருக்கு அவர்கள் பொறுப்பாளி. அவர்கள் உள்ளே போவதால் நோயாளிக்கு எந்தப் பலனும் இல்லை. எனவே திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களோ ஷாமில் இருந்த மக்களுக்குப் பொறுப்பாளி. வெளியே வந்துவிடும்படி கலீஃபா கடிதம் எழுதியும், தம் மக்களை விட்டுத் தாம் மட்டும் வர அவர்கள் மனம் ஒப்பவில்லை. ஹிஜ்ரி 18 இல் அந்த அம்வாஸ் நோயிலேயே ஷஹீதானார்கள்.

திரும்பியவர், தங்கியவர், இருவருமே சுவர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் உள்ளவர்கள். நம்மில் ஒருவர் போவதும் ஒருவர் போகாமல் இருப்பதும் ஈமானின் அளவுகோல் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: நான் யாருக்குப் பொறுப்பாளி? நான் அங்கே இருப்பதால் யாருக்குப் பயன்?

மருத்துவரும் நர்ஸும் நோய் இருக்கும் இடத்துக்குப் போவது நோயைத் தடுக்க. மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். எல்லா மருத்துவரும் ஒதுங்கிவிட்டால் முழுச் சமுதாயமும் குற்றவாளி.

2014 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியது. அது ஓயும்போது 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். சியரா லியோனின் கெனமா மருத்துவமனையில் அந்நோய்க்கு எதிராக முன்னால் நின்ற டாக்டர் ஷேக் உமர் கான், நோயாளிகளைக் கவனித்த நிலையிலேயே நோய் தொற்றி அந்த ஆண்டு ஜூலை 29 அன்று வஃபாத்தானார். வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவர்களும் நர்ஸுகளும் போனார்கள். உடல் முழுவதும் மூடும் பாதுகாப்பு உடையை எப்படி அணிவது என்பதைவிட, எப்படிக் கழற்றுவது என்பதைத்தான் அவர்களுக்கு அதிக நேரம் பழக்கினார்கள். கழற்றும்போதுதான் கை நழுவி நோய் ஒட்டும்.

மய்யித்தைக் குளிப்பாட்டுவதன் மூலமும் நோய் பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோடு கலந்து பேசி, அந்த ஆண்டு நவம்பரில் அடக்கம் செய்வதற்கான வழிமுறையை வெளியிட்டது. அதில் முஸ்லிம் மய்யித்துக்குத் தண்ணீருக்குப் பதிலாகத் தயம்மும் செய்யும் முறை இடம்பெற்றது. ஷரீஅத்தில் ஏற்கெனவே இருந்த சலுகைதான். அதை எடுத்துச் சொல்ல ஆலிம்கள் முன்வந்ததால், பயிற்சி பெற்றவர்கள் மய்யித்தையும் கண்ணியப்படுத்தினார்கள், உயிரோடு இருப்பவர்களையும் காப்பாற்றினார்கள். தைரியமும் எச்சரிக்கையும் இப்படிச் சேர்ந்து நடக்க வேண்டும்.

போகிறவர் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அருமை வாலிபர்களே! ஆர்வம் மட்டும் போதாது. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நான் அரபுக் கல்லூரி மாணவன். மறுநாளே நாங்கள் சிலர் நாகப்பட்டினத்துக்கு ஓடினோம். கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. இடிபாட்டில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் என் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. மக்கள் வரிசையில் காத்திருக்க, ஒரு டாக்டர் எனக்குக் கட்டுப்போட்டு ஊசி போட்டார். உதவி செய்யப் போன நான், உதவி தேவைப்பட்டவர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டேன். நிய்யத் நல்லதுதான். ஆனால் அன்று அங்கே நான் சுமை.

எனவே முதல் கேள்வி: உனக்கு அங்கே என்ன வேலை தெரியும்? மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால் அதன் இழப்புக்கு அவரே பொறுப்பு என்பது ஹதீஸின் கருத்து. ஊரில் ஊசி போட அனுமதி இல்லாதவருக்கு அகதி முகாமிலும் அனுமதி இல்லை. ஏழையின் உடல் நாம் பழகிப் பார்க்கும் இடம் அல்ல.

இரண்டாவது: யார் உன்னை அனுப்புகிறார்கள்? முகாமுக்குள் பணி செய்ய அந்த அரசின் அனுமதி அவர்களிடம் இருக்கிறதா? நோய் வந்தால், கலவரம் வந்தால் உன்னை வெளியே கொண்டுவர ஏற்பாடு என்ன? காப்பீடு உண்டா? போடவேண்டிய தடுப்பூசிகள் எவை? இதற்கெல்லாம் "அல்லாஹ் இருக்கான் தம்பி" என்று மட்டும் பதில் சொல்லும் அமைப்போடு போகாதே. அல்லாஹ் இருக்கிறான் என்பது உண்மை. ஆனால் அது ஒட்டகத்தைக் கட்டாததற்குச் சாக்கு இல்லை.

மூன்றாவது: யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது? ஷஹீதுக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று முஸ்லிமில் வருகிறது. தன் பராமரிப்பில் உள்ளவர்களைத் தவிக்க விடுவதே ஒருவர் பாவியாவதற்குப் போதும் என்று அபூதாவூதில் வருகிறது. கடனை அடை. முடியாவிட்டால் பொறுப்பேற்பவரை ஏற்பாடு செய். வஸிய்யத்தை எழுதி வை. சாகப் போகிறாய் என்பதற்காக அல்ல. ஊரில் இருந்தாலும் அதை எழுதாமல் இரண்டு இரவு தூங்கக் கூடாது என்பதுதான் நபிமொழி.

நான்காவது: பெற்றோரின் பொருத்தம் இருக்கிறதா? போருக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் முதலில் கேட்டது, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான். இருக்கிறார்கள் என்றதும், அவர்களிடமே போய்ப் பாடுபடும்படி திருப்பி அனுப்பினார்கள். படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றால், உன் காக்ஸ் பஜார் உன் வீட்டிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாதே.

ஐந்தாவது: யாருக்காகப் போகிறாய்? மெலிந்த குழந்தையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதற்கா? உன் தங்கையை அப்படி ஒருவர் படம் எடுத்தால் பொறுப்பாயா? கேமராவை வைத்துவிட்டுப் போ. நிய்யத் சுத்தமாக இருந்தால் பயமும் பாதி குறைந்துவிடும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

தாய்மார்களே, பயப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சூரா கஸஸை எடுத்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்களின் தாய்க்கு அல்லாஹ்வே அறிவிக்கிறான். குழந்தையைப் பற்றிப் பயம் வந்தால் ஆற்றில் விட்டுவிடும்படியும், அவரை உம்மிடமே திருப்பித் தருவோம் என்றும் வாக்களிக்கிறான். அந்த வாக்குறுதி கிடைத்த பிறகும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று குர்ஆன் சொல்கிறது. அல்லாஹ் அவரைக் கண்டிக்கவில்லை. உள்ளத்தை உறுதிப்படுத்தினான்.

பிறகு அவர் என்ன செய்தார்? தம் மகளைக் கூப்பிட்டு, பின்னாலேயே போய்ப் பார்த்து வரச் சொன்னார். அல்லாஹ்வின் வாக்குறுதி கையில் இருந்தும் மகளைக் கரையோரம் நடக்க வைத்தார்! அது தவக்குலுக்குக் குறை இல்லை. தாயின் பயம் செய்யவேண்டிய வேலையைச் செய்தது. அந்தப் பிள்ளை கரையோரம் நடந்ததால்தானே, குழந்தைக்குப் பாலூட்ட ஆள் தேடியபோது சொந்தத் தாயையே கொண்டுவந்து சேர்க்க முடிந்தது?

பயம் அல்லாஹ் தந்த நிஃமத்துகளில் ஒன்று. அது ஆலோசகராக இருக்கட்டும், அமீராக வேண்டாம். ஆலோசகர் நமக்குத் தெரியாத குழியைக் காட்டுவார். அமீராகிவிட்டால் வாசலை விட்டே இறங்க விடமாட்டார்.

ஒரு இரவு மதீனாவில் பெரிய சத்தம் கேட்டு ஊரே நடுங்கியது. மக்கள் சத்தம் வந்த திசை நோக்கிக் கிளம்பினார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணம்கூடப் பூட்டாமல், எல்லோருக்கும் முன்பே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்கள். கழுத்தில் வாள் இருந்தது. ஆக, தயாராகத்தான் போனார்கள். ஆனால் போனார்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது

சென்ற வாரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்று சொன்னது அவசரத்தில் சொன்னது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உங்கள் பயத்தை எல்லாம் ஒரு தாளில் கேள்வியாக எழுதுங்கள், உங்கள் மகன் பதில் வாங்கி வரட்டும் என்றேன்.

ஒன்பது கேள்விகள் எழுதினார். தினமும் போன் பேச முடியுமா, இரவில் எங்கே தூங்குவான், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவான் என்று, எனக்குத் தோன்றாத கேள்விகள் எல்லாம் அதில் இருந்தன. ஏழு கேள்விகளுக்கு அந்த அமைப்பிடமிருந்து திருப்தியான பதில் வந்தது. மாலைக்குள் முகாமை விட்டு வெளியேறி நகரத்தில்தான் தங்க வேண்டும் என்ற தகவல் அவருக்குப் பெரிய ஆறுதல். எட்டாவது தடுப்பூசி. அதில் இரண்டு பாக்கி இருப்பது அப்போதுதான் மகனுக்கே தெரிந்தது. ஒன்பதாவது படிப்புக் கடன். அதற்கு மகனிடம் பதில் இல்லை. இன்னும் நான்கு மாதத் தவணை இருக்கிறது.

எனவே இந்த முறை போகவில்லை. கடனை முடித்துவிட்டு அடுத்த குழுவோடு போவதாகத் தாயும் மகனும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அல்லாஹ் நாடினால் போவார். இந்தப் பேச்சில் அவர்களைப் பற்றிச் சொல்ல இருவரிடமும் அனுமதி வாங்கினேன். வாசலில் நின்று அந்தத் தாய் சொன்னார்: "பயம் போகல ஹஜ்ரத். அவன் திரும்பி வர்ற வரைக்கும் போகாது. ஆனா என் பயத்தை வச்சு அவனைக் கட்டிப்போட மாட்டேன்."

அன்பானவர்களே! நம்மில் எல்லோரும் போகப் போவதில்லை. போகத் தேவையும் இல்லை. போகாதவருக்கும் வேலை இருக்கிறது. போகிறவரின் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் வாங்கி வைப்பது யார்? அவர் தாய்க்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போவது யார்? அவருடைய கடனின் கடைசித் தவணை தாமதமானால் கை கொடுப்பது யார்? போகிறவரின் குடும்பத்தை நல்லபடியாகப் பார்த்துக்கொள்பவரும் போனவரைப் போன்றவரே என்ற நபிமொழி நமக்குப் பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த ஜுமுஆவிலிருந்து வீடு திரும்பும்போது நம் மஹல்லாவில் அப்படி யார் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

யா அல்லாஹ்! மண் மேட்டில் தார்ப்பாய்க்குக் கீழே வாழும் எங்கள் சகோதரர்களைக் கண்ணியத்தோடு அவர்களது வீடுகளுக்குத் திருப்புவாயாக! உன் படைப்பினங்களுக்குப் பணி செய்யப் புறப்பட்டவர்களைப் பாதுகாப்பாயாக! அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களின் உள்ளத்தை, மூஸா நபியின் தாயின் உள்ளத்தை உறுதிப்படுத்தியதைப் போல் உறுதிப்படுத்துவாயாக! உன் வசனத்தை எங்கள் சோம்பலுக்கும் பயத்துக்கும் கேடயமாக்குவதிலிருந்து எங்களைக் காப்பாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.